மாமன் சீராக வந்த டேப்

முருகன் துணை

தூத்துக்குடி
14.7.2025

அன்புத் தங்கச்சி அனுசியாவுக்கு, அண்ணன் செந்தூர்வேல் எழுதுவது. நீயும் சஹானாக் குட்டியும் சுகமா இருக்கணும். மாப்ளயும் சுகமா இருக்கட்டும், வேண்டாம்னா சொல்லுதேன்?

நேத்து மாப்ள என் போன் கடைக்கு வந்த கோலத்தை உன்கிட்ட சொன்னாரோ என்னமோ. கடையில ஆளு நிறைய. சஹானா காதுகுத்துக்கு நான் சீர்த் தட்டுல வச்ச டச் ஸ்கிரீன் டேப்பை மேசைக் கண்ணாடி மேல டொம்முன்னு போட்டாரு. "டப்பா பெரிய கம்பெனி, உள்ள மலிவுச் சரக்கு. ஹார்பர்ல இப்படிப் பண்ணினா ஆளை உள்ள தள்ளிருவாங்க"ன்னு கத்திட்டுப் போயிட்டாரு. போன் வாங்க வந்தவங்க எல்லாம் என் மூஞ்சியவே பாக்காங்க. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு.

ஆமா, டப்பாவை மாத்தித்தான் வச்சேன். மாமன் சீர்னா ஊரு பாக்க இருக்கணும்னு உன் மாமியா எத்தனை தடவை சொல்லிவிட்டா? பேர் போன கம்பெனி டேப் வாங்க அன்னைக்கு எனக்கு வக்கில்ல. ஆனா சாமான்ல நான் ஏமாத்தல. பிள்ளை படத்தைத் தொட்டா டேப் பேசணும், அம்புட்டுதான வேலை? ஆறு மாசமா இது பேசலியா? மத்ததெல்லாம் பேருக்குக் குடுக்குத காசு. இந்த யாவாரத்துல இருக்கவன் சொல்லுதேன், கேட்டுக்கோ.

அதே ஆளுங்க முன்னால மாப்ள வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் உங்க வீட்டுப் போனை நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
செந்தூர்வேல்

புதுக்கோட்டை (தூத்துக்குடி பக்கம்)
16.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு, அனுசியா எழுதுவது. மதினியைக் கேட்டதாச் சொல்லு.

நீ போனை எடுக்காததால, சஹானாவுக்குப் படம் காட்டிப் பேசச் சொல்லிக் குடுக்க வார ஜெனிலா டீச்சர் கையில இதைக் குடுத்துவிடுதேன். உன் லெட்டரையும் அவங்கதான் தந்தாங்க.

டப்பா விஷயத்தை என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல அண்ணே? இவுக ஹார்பர்ல நாள் முழுக்க கண்டெய்னர் சீலையும் சரக்கையும் ஒத்துப் பாக்குத ஆளு. கண்ணாடி ஒட்டக் கொண்டுபோன இடத்துல, இது அந்தக் கம்பெனியே இல்லைன்னு கடைக்காரன் சிரிச்சிருக்கான். அந்தச் சிரிப்புதான் இவுகளைச் சுட்டுப்போட்டு. நான் குளிச்சிட்டு வாறதுக்குள்ள டேப்பைத் தூக்கிட்டு உன் கடைக்கு வந்துட்டாக.

அன்னைக்குச் சாயங்காலமே பெரிய கம்பெனி டேப்பைத் தவணைக்கு வாங்கியாந்தாச்சு. பளபளன்னு இருக்கு. நம்ம பேச்சுப் பட ஆப் அதுல வராதாம். வேற ஒண்ணு போட்டிருக்கு. பிள்ளை தொட்டுப் பாத்துட்டுத் தள்ளிவிட்டுட்டா.

பழசுல தண்ணிக்கு நம்ம வீட்டுச் சொம்பு, போதும்னா என் உள்ளங்கை, வலிக்குன்னா நான் மூஞ்சியச் சுளிச்ச படம். எல்லாத்துக்கும் நானே படம் எடுத்து, என் குரல்லயே பேசி வச்சிருந்தேன். ஏழு வயசாச்சு, வாயில இருந்து ஒரு சொல் வரல. அந்த டேப்புதான் அவ வாய். நான் வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கல, எனக்கு அதெல்லாம் தெரியாது.

உன் கோவம் நியாயம்தான். அதை அவுககிட்ட வச்சுக்கோ. டேப்பை டீச்சர்கிட்ட குடுத்துவிடு. உள்ள இருக்கதை யாரும் தொடாமப் பாத்துக்கோ.

உன் தங்கச்சி,
அனுசியா

தூத்துக்குடி
18.7.2025

தங்கச்சி அனுசியாவுக்கு,

லெட்டர் கிடைச்சது. மாப்ள வந்து சொல்லாம அந்த டேப் கடையை விட்டு நகராது. எனக்கும் மானம் மரியாதை இருக்குல்ல?

அதோட, அந்தப் பழசு எதுக்கு இனிமே? சின்னப் பிள்ளைங்க எதையும் லேசாப் பழகிக்கிடும். புதுசுல பழக்கு. இல்லைன்னா நானே வேற ஒண்ணு தாரேன்.

செந்தூர்வேல்

புதுக்கோட்டை
21.7.2025

அண்ணனுக்கு,

முந்தாநாள்ல இருந்து சஹானா சோறு திங்கல. தண்ணி குடிக்கல. மணிக்கட்டைக் கடிச்சுக் கடிச்சுக் கன்னிப்போயிருக்கு. தலையைச் சுவத்துல முட்டுதா. வயிறான்னு அமுக்கிப் பாக்கேன், காதான்னு பாக்கேன், கையைத் தட்டிவிடுதா. அத்தை கண்ணேறுன்னு மிளகாய் சுத்திப் போட்டாக. இன்னைக்குத்தான் டாக்டர் வாயைத் திறந்து பாத்துட்டு, கடவாப்பல்லுல சீழ் வச்சிருக்குன்னாரு. முந்தின டேப் இருந்தா, வலிக்குன்னு ஒரு தொடு, பல்லுன்னு ஒரு தொடு, தீர்ந்துபோச்சு. எனக்குப் பெத்த வயிறு பத்தி எரியுது அண்ணே.

மானம் ரோஷம் எல்லாம் வாய் இருக்கவங்களுக்கு. இவுககிட்ட சொல்லிட்டேன். நாளைக்கழிச்சு கடைக்கு வந்து, எல்லார் முன்னாலயும் நீ கேட்ட வார்த்தையைச் சொல்லுதேன்னுட்டாக. இனி உனக்கு என்ன வேணும்? டேப்பை எடுத்து வை.

அனுசியா

தூத்துக்குடி
22.7.2025

அனுசியா,

மாப்ளயை வர வேண்டாம்னு சொல்லு. டேப் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல.

கடைக்குத் திரும்பி வார எந்தச் சாமானையும் உடனே முழுசா அழிச்சிட்டுத்தான் அலமாரில வைப்போம். ஒருத்தர் வீட்டுப் படம் இன்னொருத்தர் கைக்குப் போயிரக் கூடாதுல்லா? அன்னைக்கு மாப்ள படி இறங்குததுக்குள்ள என் கை அந்த வேலையைச் செஞ்சுட்டு. அது நம்ம பிள்ளை டேப்புங்கதே கோவத்துல உறைக்கல. உன் முதல் லெட்டரை வாசிச்ச பிறகுதான் என்ன பண்ணிட்டேன்னு தெரிஞ்சது. பெரிய சர்வீஸ் கடை மூணுல கொண்டு காட்டிட்டேன். போனது போனதுதான்னு சொல்லிட்டாங்க.

மாப்ள வந்து சொல்லணும்னு மறுபடி எழுதுனது வீறாப்புல இல்லளா. பயத்துல. என்னை மன்னிச்சிரு.

செந்தூர்வேல்

புதுக்கோட்டை
23.7.2025

அண்ணே,

சஹானாவுக்குப் பல்லைப் பிடுங்கியாச்சு. தூங்குதா.

உன் லெட்டரை இவுககிட்ட வாசிச்சுக் காட்டினேன். கடைக்குக் கிளம்பச் சட்டை போட்டவுக அப்படியே உக்காந்துட்டாக. "கொண்டு போனது நான்தான"ன்னாக. ஆமான்னு சொன்னேன். எதுக்கு மறைக்கணும்? ஊரு பாக்கணும்னு அத்தைக்கு, ஊரு சிரிச்சிருச்சேன்னு இவுகளுக்கு, ஊரு முன்னால சொல்லணும்னு உனக்கு. எந்தக் கம்பெனியா இருந்தா என் பிள்ளைக்கு என்ன?

அழிச்சதைக் கூட நான் பொறுத்துக்கிடுவேன். கை தவறிட்டு, சரி. ஆனா வெள்ளிக்கிழமையே நீ உண்மையை எழுதிருந்தா, பழசு வரும்னு காத்துக் கிடக்காம அன்னைக்கே நான் மூஞ்சியச் சுளிச்சு ஒரு படம் எடுத்திருப்பேன். அவ அப்படிச் சுவத்துல முட்டிக்கிட்டுக் கிடந்திருக்க மாட்டா. அதை என்னால தாங்க முடியல. என்னை மன்னிச்சிருன்னு நீ கேக்க வேண்டியது என்கிட்ட இல்ல.

பெரிய டேப்பைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டேன். அவ விரலுக்குப் பழக்கம் அந்த மலிவு டேப்புதான். ஞாயித்துக்கிழமை அதை நீயே கொண்டு வா, யார்கிட்டயும் குடுத்துவிடாத. சொம்பு, உள்ளங்கை, பல்லு எல்லாத்தையும் முதல்ல இருந்து படம் எடுப்போம்.

மாமாங்கிற படத்தை மட்டும் நான் ஏத்த மாட்டேன். நீ அவ பக்கத்துல வந்து உக்காரு. என்னைக்கு அவளா உன்னைத் தேடி, உன் கையைப் பிடிச்சு அந்த டேப் மேல கொண்டு வைக்காளோ, அன்னைக்கு ஏத்திக்கிடலாம்.

அனுசியா