ஜூரி அரைத்த சாறு

ஜூன் 6
விடாத மழை. வாத்துகள் சமையலறைக்குள் வந்து நின்றன. விரட்ட மனம் வரவில்லை. அவையாவது என்னைப் பார்த்து வாய் திறக்கின்றன. இரண்டாம் மனைவியாக இந்த வீட்டுக்கு வந்தபின் முதல் மழைக்காலம். அவருடைய மகள் ஜூரி இன்றும் என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம், "மீன் குழம்புல புளிப்பு பத்தலன்னு சொல்லுங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூன் 9
வயிற்றுப்போக்கு. திசாங் ஆற்று வெள்ளம் கிணற்றில் கலந்திருக்கும். அவர் சைக்கிள் கடைக்குப் போய்விட்டார்.

ஜூன் 11
கட்டிலருகே ஒரு கிண்ணம் வல்லாரைச் சாறு, பச்சைப்பசேலென்று. கதவோரம் ஜூரியின் முதுகு மட்டும் தெரிந்தது.
"நீயா வச்ச?"
திரும்பாமலேயே நகர்ந்து போய்விட்டாள்.
வல்லாரை வயிற்றுக்கு நல்லதுதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து முகம் பார்க்காதவளுக்கு திடீரென்று என்ன அக்கறை? குடித்தேன். சற்று நேரத்தில் குமட்டல். மதியம்வரை வாந்தி.

ஜூன் 12
இன்றும் கிண்ணம். முகர்ந்து பார்த்தேன். இலை வாசனைக்கு அடியில் வேறொன்று — மண்ணெண்ணெய் மாதிரி. இல்லை, என் மூக்குதான் பொய் சொல்கிறதா? ஜன்னல் வழியே கொட்டினேன். மாலையில் உடம்பு தேவலை. கொட்டியதால்தானா?

ஜூன் 13
கொல்லையில் படர்ந்திருந்த வல்லாரையை வண்டல் மூடிக் கிடக்கிறது. அப்படியென்றால் இவள் எங்கே பறிக்கிறாள்? கூடையோடு வரப்பில் இறங்கிப் போனவள் நெடுநேரம் கழித்துத்தான் வந்தாள். கூடையை காமோசாத் துண்டால் மூடியிருந்தாள். வெறும் இலையை எதற்கு மூடவேண்டும்?
அவரிடம் சொன்னேன். சிரித்தார். "அவளா விஷம் வைக்கிறா? துவையல் அரைச்சாலே பாதி திப்பியா இருக்கும்!"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14
அம்மியைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறாள். ரொம்பச் சுத்தமாக.

ஜூன் 15
கேட்டே விட்டேன். "இதுல என்ன கலக்குற?"
முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"
"ஒண்ணுமில்லேன்னா நீயே குடிச்சுக் காட்டு."
அப்படியா சொன்னேன்? ஐயோ, அப்படித்தான் சொன்னேன். கிண்ணத்தை ஒரே மடக்கில் குடித்தாள். அம்மியில் ஒட்டியிருந்ததையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "போதுமா? இன்னும் அரைக்கட்டுமா?"
வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் — முன்னாடியே சாற்றை மாற்றி வைத்திருப்பாளோ? சீ, என்ன மனசு இது.

ஜூன் 16
நேற்று எழுதி மூடியதும் பின்கட்டில் சத்தம். ஜூரி சுருண்டு கிடந்தாள். வாயில் நுரை, கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது. பக்கத்து வீட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "பூச்சிமருந்து உள்ள போயிருக்கு" என்றார் டாக்டர்.
அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நிர்மாலி, வீட்ல நீதானே இருந்த?"
கேட்டது என் புருஷன். வேறு யாருமில்லை. என்ன சொல்வேன்? குடிக்கச் சொன்னது நான்தானே.

ஜூன் 17
வார்டுக்குள் என்னை அவர் விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பிழைக்கணும். அதுக்கப்புறம் என்னை எங்க வேணும்னாலும் அனுப்பட்டும்.

ஜூன் 18
கண் விழித்துவிட்டாள்.
அவர் குனிந்து கேட்டது கதவோரம் நின்ற என் காதில் விழுந்தது. "அவ எதாச்சும் கலந்தாளாம்மா?"
"சும்மா இருங்கப்பா. பறிச்சதும் நான், அரைச்சதும் நான்."
தேயிலைத் தோட்டத்து வடிகாலோரம் பறித்திருக்கிறாள். "அங்கதான் எல நல்லா பெருசு பெருசா இருந்துச்சு. வாடிடக் கூடாதுன்னு ஈரத்துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்தேன்." அந்த வாரம் முழுக்கத் தோட்டத்தில் மருந்து அடித்தார்களாம், பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள்.
ஜூரி என்னை உள்ளே கூப்பிட்டாள். "அன்னிக்கு உங்களுக்கும் வாந்தி வந்துச்சாமே, ஏன் என்கிட்ட சொல்லல?"
"நீ வேணும்னே செஞ்சேன்னு நெனச்சேன்."
"நல்லா நெனச்சீங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 20
அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

ஜூன் 29
அவர் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், மருந்து அடித்ததைப் பற்றிக் கேட்க ஜூரி தோட்டத்து ஆபீசுக்குக் கிளம்பினாள். அவளுக்குக் கால் இன்னும் நடுங்குகிறது. நானும் கூடப் போனேன், அவள் தடுக்கவில்லை.
குமாஸ்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சித்தியா? அப்ப வீட்டுக்குள்ளயே விசாரிங்கம்மா. எங்க மருந்துமேல ஏன் பழி போடுறீங்க?"
"குடுத்தது நான், குடிச்சதும் நான்" என்றாள் ஜூரி. "சந்தேகப்படுறதா இருந்தா என்னைச் சந்தேகப்படு. இவங்களைப் பத்திப் பேசாத. மேனேஜரைக் கூப்பிடு."
மேனேஜர் வர நேரமாகும் என்றான். வராந்தாவில் குட்டை பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. ஜூரி உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.