கொம்பு என்று நீ சொன்ன சொல்

நண்பா,

பொட்டலத்தின் ஓரத்தைக் கத்தரித்ததும் அந்த மணம் எழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. எலும்பை நெடுநேரம் வேகவைத்த பானையைத் திறந்தால் எழுமே, அதே மணம். முகப்பில் பச்சை இலை வரைந்திருக்கிறார்கள். விலங்குப் பொருள் எதுவும் சேரவில்லை என்று மூன்று மொழிகளில் அடித்துச் சொல்கிறார்கள். ஒரே செய்தியை மூன்று முறை சொல்கிறவர்களை நான் எளிதில் நம்புவதில்லை. நானும் மேடையில் அதைத்தான் செய்கிறேன்.

சப்பானிய இராமென், நம் ஊரார் மீ என்று சொல்லும் நூல்போன்ற மாவுணவு. கொதிநீர் ஊற்றி நான்கு மணித்துளி பொறுத்தால் உணவு. உன் மனைவி கொடுத்த பையில் இது கடைசிப் பொட்டலம்.

என் ஐயத்தின் வேர் உனக்குத் தெரியும். பாயான் பாரு மண்டபத்தில் கொல்லாமை பற்றி நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து அமைதியாகக் கேட்டார்: "ஐயா, மத்தியானம் மூலைக் கடையில மீன்தலைக் கறி சாப்பிட்டது நீங்கதானே?" மண்டபமே சிரித்தது. ஒலிக்கருவிகளுக்கு முன்னால் அமர்ந்திருந்த நீயும் சிரித்தாய். அன்று விட்டேன் புலாலை. அறத்தால் விட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். அச்சத்தால் விட்டேன் என்பதை உன்னிடம் மட்டுமே சொன்னேன். இன்னொருவர் எழுந்து அப்படிக் கேட்டால், அதற்குப் பிறகு என் பேச்சை யார் மதிப்பார்கள்? இருபது ஆண்டுகளாக எதையும் மோந்து பார்க்காமல் நான் வாயில் வைத்ததில்லை. "தலைவருக்கு வாயவிட மூக்குதான் பெருசு" என்று நீ பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

பகலில் உனக்குப் பிறை நகரில் ஆலை வேலை. மாலையில் உன் மகிழுந்தில் என்னையும் ஒலிபெருக்கிகளையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் போவாய். பத்து காவான் ஊர்க் கூட்டத்தன்றும் அப்படித்தான். தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. மண்டபத்தின் பின்புறம் வண்டியை நிறுத்தி, அதன் முன்மூடியின் மேல் கிண்ணத்தை வைத்துக் குடுவையிலிருந்து வெந்நீர் ஊற்றினாய். அன்று மட்டும் பசி என் மூக்கை மறக்கடித்தது. பாதியைக் குடித்த பிறகுதான் நாவில் அந்தக் கனத்த சுவை உறைத்தது.

"இது என்ன உணவு?"

"சைவ மீ, தலைவரே. எறைச்சி இல்ல, முட்ட இல்ல, மீனு இல்ல. கடைக்கார அக்காகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன்லா."

"இறைச்சி இல்லையென்றால் இந்தச் சுவை எங்கிருந்து வருகிறது?"

"காடிகிட்ட நம்ம ரெண்டு பேருதான் நிக்கிறோம். இங்கயும் மேடப் பேச்சா?" என்று வண்டியைத் தட்டிச் சிரித்தாய். பிறகு சொன்னாய்: "கொம்புலேருந்து வருது. கொம்ப ஊற வெச்ச தண்ணிதான் அவனுங்களுக்கு சூப்பு."

"கொம்பா?"

"கொம்புதான். பாக்கெட்டுலயே போட்டிருக்கான், பாருங்க."

சொல்லும்போது உன் உதட்டின் ஓரம் மெல்ல மேலேறியது. அதை நான் கண்டேன்.

ஆட்டின் கொம்பா, மாட்டின் கொம்பா என்பதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை. வேறொரு மொழியில் அப்படியொரு சொல் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொம்பு நம்முடைய சொல் அல்லவா?

எழுதி வைத்திருந்த உரையைப் பையிலேயே விட்டுவிட்டு மேடை ஏறினேன். "தோழமை என்னும் கையால் கொம்பைக் கரைத்து ஊட்டுகிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள்" என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை, என் விரல் எந்தப் பக்கம் நீண்டதோ அந்தப் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. நீ கருவிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாய். சினத்தில் என் குரல் கம்மியபோது குமிழைத் திருகி என் ஒலியைக் கூட்டினாய். உன்னைப் பழிக்கும் சொற்கள் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டிருக்கும்.

அன்றிரவும் உன் வண்டியில்தான் கடற்பாலம் தாண்டித் திரும்பினோம். என் வீட்டு வாயிலில் இறக்கிவிட்டு, "நல்லா பேசுனீங்க" என்றாய். அதிலும் எனக்கு ஐயம். அதன்பின் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தாய். நான் எடுக்கவில்லை. வேறொருவரின் ஒலிக்கருவிகளோடு ஊர் ஊராகப் போனேன். சில மாதங்களில் உன் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது.

உன் பதினாறாம் நாள் சடங்கில் உன் மனைவி ஒரு பையை நீட்டினார். "ஒங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு, அண்ணே. கூட்டத்துக்கு முன்னாடி நீங்க பசி தாங்கமாட்டீங்கன்னு சொல்வாரு." உள்ளே அதே பொட்டலங்கள். உனக்கு எதிரான சான்று கிடைத்துவிட்டது என்று எண்ணித்தான் வாங்கினேன். மறுநாளே அதில் ஒன்றை நீ சொன்ன கடைக்காரப் பெண்ணின் முன் வைத்து, "இதில் கொம்பு இருக்கிறதா, இல்லையா?" என்று அதட்டினேன்.

"இருக்கே" என்றார். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துத் திறந்தார். கருத்துச் சுருண்ட, தோல்போன்ற இலை. மேலே உப்புப் பூத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், கடல் மணத்தது.

"இதுதாண்ணே கொம்பு. கடல்ல மொளைக்கிற பாசி."

"பாசிக்கு ஏன் கொம்பு என்று பெயர் வைத்தீர்கள்?"

"நானா வெச்சேன்? ஜப்பான்காரன் வெச்ச பேரு. ஒங்க கூட்டாளியும் இதேதான் கேட்டாரு. கேட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு."

"எப்போது கேட்டார்? பத்து காவான் கூட்டத்துக்கு முன்பா, பின்பா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

சென்ற ஞாயிறு அதே மண்டபத்தில், அதே மேடையில் ஏறிச் சொன்னேன்: கொம்பு கடலில் முளைக்கும் பாசி, என் நண்பன் எனக்குத் தூய உணவையே ஊட்டினான், பொய் பேசியது என் நாக்கு. கூட்டம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் இருந்த உன் மனைவி சிரிக்கவில்லை.

அந்தப் பாசியில் ஒரு துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மேடையில் நன்கு தெரிந்ததாக நான் நம்பும் ஒரு சொல் வாய்க்கு வரும்போது விரல் தானாக அதைத் தடவுகிறது. உப்பு விரலில் ஒட்டுகிறது.

ஆனாலும் உன்னை நான் முழுதாக நம்பிவிடவில்லை. முன்பே கேட்டிருந்தால், பாசி என்று தெரிந்தே நீ என்னைச் சீண்டிப் பார்த்திருக்கிறாய். பின்பு கேட்டிருந்தால், அன்று உனக்கும் தெரியாது, அந்த இரண்டு அழைப்புகளும் இதைச் சொல்லிச் சிரிப்பதற்குத்தான். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி நான்கு மணித்துளி ஆகிவிட்டது. இன்னும் எலும்பு மணம்தான் வருகிறது. முன்பா, பின்பா என்று உன்னைக் கேட்டுக்கொண்டே குடிக்கப் போகிறேன்.