நான் அனுப்பாத குரல்

பிப்ரவரி 9

இன்று 190 வாக்கியங்கள். மொத்தம் 1,370. இன்னும் 230 பாக்கி.

மார்ச் 2ஆம் தேதி ஆபரேஷன் செய்து என் குரல்பெட்டியை எடுத்துவிடுவார்கள். அதற்குள் 1,600 வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்துவிட்டால், ஒரு கம்பெனி அதை வைத்துக் கணினிக் குரல் செய்து தருமாம். பிறகு நான் தட்டச்சு செய்வதை அது என் குரலில் சொல்லும். பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா இதை விளக்கியபோது நான் கேட்ட ஒரே கேள்வி, பதிவுகளை எங்கே சேமிப்பார்கள் என்பது.

எல்லா ஒலிகளும் வரவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து எழுதிய வாக்கியங்கள். “ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கு வேலை இல்லை.” “மாமா பஞ்சு மூட்டையை நகர்த்தச் சொன்னார்.” குரல் கரகரவென்றுதான் வருகிறது. நண்டு வாக்கியத்தை நான்கு முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

கதவருகே நின்று மனைவி கேட்டாள்: “யாருங்க அந்த நண்டு?”

பிப்ரவரி 15

பதிவுகளை அவ்வப்போது கம்பெனிக்கு ஏற்றிவிடச் சொல்கிறார் டாக்டரம்மா. மாட்டேன். அவர்களுடைய ஒப்பந்தம் 42 பக்கம். முன்பின் தெரியாதவனுடைய சர்வரில் என் குரலைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன் படிக்க வேண்டாமா? அலுவலகத்தில் பதினொரு வருடம் கணினிப் பாதுகாப்பு என் பொறுப்பு. முந்நூறு பேருக்குப் பாடம் எடுத்தவன். படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ அழுத்தினால் நான் பேசியதற்கெல்லாம் என்ன மரியாதை? பெயரையும் மின்னஞ்சலையும் மட்டும் பதிந்திருக்கிறேன். 17ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.

ஒரு பிரதி கணினியில். இன்னொன்று வெளி டிஸ்க்கில், மணிக்கொரு முறை தானாகவே ஏறிக்கொள்கிறது. மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். “தம்பி வீட்ல குடுத்து வைங்களேன்” என்கிறாள் மனைவி. மச்சினனின் கணினிக்குக் கடவுச்சொல் அவன் பைக் நம்பர். போன வருடம் அவன் வீட்டிலேயே, எல்லார் எதிரிலும் அதைச் சொல்லிக் காட்டினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான்.

ஆபரேஷன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 1

1,600 முடிந்தது. “வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, நாளைக்கு முடியாது” என்றாள் மனைவி. யோசித்தேன். “கேஸை மூடினியா?” என்றேன்.

மூடியிருந்தாள்.

மார்ச் 12

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் துளை. கையில் வெள்ளைப் பலகை. என் கையெழுத்து டாக்டர் கையெழுத்துபோல இருக்கிறது என்கிறாள் மனைவி. ‘தண்ணீர்’ என்று எழுதினேன், ‘தலையணை’ வந்தது.

மார்ச் 19

காலை 11.10க்கு மின்னஞ்சல். “உங்கள் குரல் தயார். கேட்க இங்கே அழுத்துங்கள்.” கம்பெனியின் சின்னம், என் பெயர், எல்லாம் சரியாக இருந்தது.

அழுத்தினேன்.

சில நிமிடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. இணைய வயரைப் பிடுங்கினேன், மின்சாரத்தையும் பிடுங்கினேன். மறுபடி போட்டபோது திரை முழுக்கக் கடிதம். கோப்புகளைப் பூட்டிவிட்டார்களாம், சாவி வேண்டுமானால் ஐந்து நாளில் பணம்.

வெளி டிஸ்க்கும் போயிற்று. செருகியே இருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். நகல் எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும் என்று முந்நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 20

நான்தான் இன்னும் எதையும் ஏற்றவே இல்லையே. நான் அனுப்பாத குரல் எப்படித் தயாராகும்? எல்.கே.ஜி. குழந்தை கேட்டிருக்கும்.

ஊழியர்களைச் சோதிக்க நானே பொய் மின்னஞ்சல் அனுப்புவேன். யார் அழுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பேன். லாட்டரி, பரிசு எல்லாம் வேலைக்கு ஆகாது. ஆள் எதற்காகக் காத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும்; இடமாற்ற உத்தரவு, ஸ்கேன் முடிவு, பிள்ளைக்குக் கல்லூரி சீட்டு. அழுத்தினவர் பெயருக்கு எதிரே ‘கவனக்குறைவு’ என்று எழுதுவேன். அத்தனை பேருக்கும் அதே ஒரு சொல். அது எவ்வளவு தப்பு என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 21

போலீஸில் புகார் கொடுத்தோம். அதிகாரி பொறுமையாக எழுதிக்கொண்டு, “இனிமே தெரியாத லிங்க்கெல்லாம் திறக்காதீங்க” என்றார். தலையாட்டினேன்.

டாக்டரம்மா சொன்னது: கம்பெனியின் முகவரிப் பட்டியல் எங்கோ கசிந்திருக்கிறது. அவரிடம் வரும் இன்னும் மூன்று பேருக்கு அதே மின்னஞ்சல் வந்து, மூன்று பேரும் திறந்திருக்கிறார்கள். அவர்கள் பதிவுகளை ஏற்கனவே ஏற்றிவிட்டதால் குரலுக்கு ஆபத்தில்லை. 42 பக்கத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்கள்.

மார்ச் 22

அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்காருபவன் வந்து இரண்டு மணி நேரம் பார்த்தான். இந்த வகைப் பூட்டுக்கு இன்னும் மாற்றுச் சாவி வரவில்லை. என்றைக்காவது வரலாம், டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருங்கள் என்றான். நான் சொல்லிக்கொடுத்த பதில்தான்.

அவன் போனதும் மனைவி, “கட்டிடலாங்க” என்றாள். பலகையில் ‘கூடாது’ என்று எழுதினேன். கட்டினால் திருடன் அடுத்த ஆளைத் தேடிப் போவான், சாவி தருவான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இவ்வளவையும் பலகையில் எழுத இடமில்லை. ‘கொள்கை’ என்று மட்டும் எழுதினேன்.

“உங்க கொள்கைக்குப் பேசத் தெரியுமா?” என்றாள்.

அதற்கப்புறம் நாள் முழுக்க வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது.

மார்ச் 24

அவளுக்குத் தெரியாமல், பூட்டியவர்களுக்கு எழுதினேன். சாவி உண்மையா என்று பார்க்க ஒரு கோப்பை மட்டும் திறந்து காட்டச் சொன்னேன். சும்மா சோதனைக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். என் பழைய ஆட்களில் ஒருவரும் இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை.

“ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கு வேலை இல்லை.”

அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள். வாசலில் நின்று என் வாயைப் பார்த்தாள். பிறகுதான் ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வந்தது. சத்தம் வரவில்லை. அதற்கும் குரல்பெட்டி வேண்டும்போல.

பலகையில் ‘கட்டிவிடலாம்’ என்று எழுதினேன். அவள் அதை மெதுவாக அழித்துவிட்டு, பணம் கேட்கத் தம்பிக்குப் போன் போட்டாள்.

மார்ச் 25

ஐந்து நாள் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. பணத்தைப் புரட்டுவதற்குள் ஒரு நாள் தாண்டிவிட்டது. அவர்களுடைய முகவரி செயலில் இல்லை. மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்று முறையும் திரும்பி வந்தது.

பதினொரு வருடக் கொள்கையை விட்டேன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மார்ச் 30

வேறு எங்காவது தெளிவாகப் பேசியிருக்கிறேனா என்று கேட்கிறார் டாக்டரம்மா. குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டுமாம். கல்யாண வீடியோவில் நான் வாயே திறக்கவில்லை. மனைவியின் போனில் ஆறு வருடக் குரல் செய்திகளைத் தேடினோம். ‘சரி.’ ‘வர்றேன்.’ ‘வண்டில இருக்கேன், வை.’ எல்லாம் சேர்த்துப் பதினான்கு விநாடி.

“இருபத்தாறு வருஷம் என்னங்க பேசினோம் நாம?” என்றாள்.

அலுவலகத்தில் என் பாதுகாப்புப் பாடங்கள் வீடியோவாக இருந்தன, எட்டுப் பாடம், ஐந்து மணி நேரம். நாற்காலிக்காரனைக் கேட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அதை எடுத்துவிட்டு ஒரு கார்ட்டூன் போட்டிருக்கிறார்கள். பழைய பாடங்களை ஒரு வருடத்தில் அழித்துவிட வேண்டும் என்று விதி. விதியை எழுதியவன் நான்.

ஏப்ரல் 4

அலுவலக வரவேற்பு மேசைப் பெண் வந்தாள். என் சோதனை மின்னஞ்சல் ஒன்பதில் ஏழு முறை அழுத்தியவள். ஆபீஸில் அவளுக்கு ‘முதல் கிளிக்’ என்று பெயரே உண்டு. வைத்தது நானில்லை, சிரித்திருக்கிறேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“சார், திட்டக்கூடாது. அந்த எட்டுப் பாடமும் எங்கிட்ட இருக்கு. ஒவ்வொரு தடவை ஃபெயிலானப்பவும் நீங்க மறுபடி பரீட்சை எழுத வச்சீங்கல்ல? ஆபீஸ்ல பார்க்க நேரமில்ல. பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய் வீட்ல பார்த்துப் படிச்சேன்.”

அலுவலகக் கோப்பைச் சொந்தப் பென் டிரைவில் எடுத்துப் போகக்கூடாது என்பது ஆறாம் பாடம். அதையும் சேர்த்துத்தான் எடுத்துப் போயிருக்கிறாள்.

பென் டிரைவை நீட்டினாள். கை நீட்டி வாங்கிவிட்டு, இணையம் இல்லாத பழைய லேப்டாப்பை எடுத்து வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “அவரு அப்படித்தாம்மா, தப்பா நினைக்காத.”

“இல்லக்கா, சோதிக்காம வாங்கியிருந்தாதான் நான் பயந்திருப்பேன்” என்றாள் அந்தப் பெண்.

வைரஸ் ஒன்றும் இல்லை. முதல் பாடத்தைப் போட்டேன். நோய் வருவதற்கு முந்தைய குரல், கரகரப்பே இல்லை. நானே மறந்துபோயிருந்தேன். ‘நன்றி’ என்று எழுதினேன். போதவில்லை. ‘ஏழு முறை அழுத்தியது உங்கள் தப்பில்லை’ என்று அதன் கீழே எழுதினேன். அதைப் படித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 6

எட்டுப் பாடங்களையும் கம்பெனிக்கு ஏற்றினேன். ஒப்பந்தத்தில் 42ஆம் பக்கம் வரை படித்துவிட்டுத்தான். இன்னொரு பிரதியை மச்சினன் வந்து வாங்கிக்கொண்டு போனான். கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாகச் சொன்னான். என்னவென்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முன்னேற்றம்தான்.

ஏப்ரல் 28

குரல் வந்துவிட்டது, டேப்லெட்டில். டாக்டரம்மாவே நேரில் போட்டுக் கொடுத்தார். ஐந்து மணி நேர எச்சரிக்கையிலிருந்து செய்ததால் எதைச் சொன்னாலும் எச்சரிக்கையாகத்தான் வருகிறது. ‘குளிக்கப் போகிறேன்’ என்று தட்டினேன். பக்கத்து வீடு காலி செய்துவிடும்போல இருந்தது.

“உணர்ச்சி கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்” என்றார் டாக்டரம்மா.

“முன்னாடி மட்டும் என்னவாம்” என்றாள் மனைவி.

மே 7

சமையலறையில் ஆண் குரல். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க எழுந்து போனேன். டேப்லெட் என் கையில் அணைந்து கிடந்தது, ஆனாலும் பேசியது நான்தான்.

அவளுடைய போன் மேடைமேல் சாய்த்து வைத்திருந்தது. நான்காம் பாடம், ‘இணைப்புகளைத் திறக்கும் முன்’. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

அனுப்பியவரின் முகவரியை எப்படிச் சரிபார்ப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நீளமாகத்தான் விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘புரிந்ததா?’ என்று கேட்டு, பார்ப்பவர் யோசிக்க மூன்று விநாடி விட்டிருப்பேன்.

“புரிந்ததா?” என்றது போன்.

“ம்” என்றாள்.

பாடம் முடிந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.