கலண்டரில் ஒரு பந்து

மச்சான்,

உன்னை அடக்கம் செய்த பிறகு, போன மாதம் உன் கூடப்பிறந்த ராத்தா சம்மாந்துறையிலிருந்து கொடுத்தனுப்பிய உன் கலண்டர்கள் இன்னும் என் சைக்கிள் கடை மேசையில்தான் கிடக்கின்றன. ஒன்பது வருடத்துக் கலண்டர்கள். விரித்தால் திரும்பவும் சுருண்டுகொள்கின்றன என்று நான்கு மூலைக்கும் நட்டுகளை வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்காமல் கிடந்தது.

கொரியாத் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றுவிட்டு நீ கொண்டுவந்தது பேஸ்போல் பைத்தியத்தைத்தான். அதிலும் இப்போது ஆடுகிறவர்கள் உனக்கு வேண்டாம். ஆட்டத்தை விட்டவர்களின் பிறந்தநாட்களாகப் பார்த்து நீல மையில் குறித்து வைத்தாய். அந்தந்த நாளில் அசர் தொழுதுவிட்டு வந்து கடையில் குந்துவாய். "இண்டைக்கு ஆர்ர பிறந்தநாள்?" என்று நான் கேட்க வேண்டும். கேட்டால் போதும், சைக்கிள் பம்பைத் தூக்கிக்கொண்டு எழும்பி, அந்த ஆள் எறிந்ததையும் அடித்ததையும் ஆடிக் காட்டுவாய். மருதமுனையில் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் வேறெங்கே இதைப் பார்த்திருப்பார்கள்? எனக்கு ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. ஆனால் இடக்கையால் எறிந்த தடியனையும், கடைசி ஆட்டத்தில் பந்தை நழுவவிட்டு அழுதவனையும் இன்றைக்கும் தெரியும்.

ஏன்டா இந்த வேலை என்று ஒருதரம் கேட்டேன். "விளையாடுறவனுக்குக் கைதட்ட ஆள் இரிக்கி மச்சான். உட்டுட்டு வந்தவன ஆர் கேக்கிற?" என்றாய்.

விளங்காமல் கிடந்தது இதுதான். ஒவ்வொரு கலண்டரிலும் ஒரு நாளில் பெயர் எழுதாமல் சின்னதாய் ஒரு பந்து வரைந்திருக்கிறாய். மற்றவர்கள் வருடாவருடம் அதே தேதியில் நிற்க, இந்தப் பந்து மட்டும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்துவிடுகிறது. தேதி சரியாகத் தெரியாத யாரோ ஒருவனாக்கும் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தபோதுதான் மூலையில் பொடியாக அச்சடித்திருந்த இஸ்லாமியத் தேதி கண்ணில் பட்டது. ஒன்பது வருடமும் ரமழான் பதினொன்று.

ராத்தாவுக்கு போன் எடுத்தேன். "அவன் நோன்பு பதினொண்டுலதானே பொறந்தவன் தம்பி. உம்மா நோன்போட இருந்தவ, வலி வந்த பொறகுதான் உட்டவ" என்றார். அடையாள அட்டையில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாப்பா வாய்க்கு வந்தபடி சொன்ன தேதியாம்.

நோன்பு காலத்தில் ஒரு நாள் நீ வந்து பேசாமல் குந்திவிட்டுப் போவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. களைப்பு என்று நினைத்து நான் என் வேலையைப் பார்த்தேன். அந்த ஒரு நாளில் நான் கேட்கவேயில்லை. வெட்கமாக இருக்கிறது மச்சான்.

இன்று நோன்பு பதினொன்று. அசருக்குப் பிறகு பம்பைத் தூக்கிக்கொண்டு கடை நடுவில் நின்றேன். பஞ்சர் ஒட்ட வந்திருந்த மீன் வியாபாரி, யாருடைய பிறந்தநாள் என்று கேட்டார். "நம்மட ஆள்ர" என்று சொல்லி ஆடிக் காட்டினேன்.

நீ கொரியா போகுமுன் கடற்கரையில் கம்பும் பந்துமாக நாம் விளையாடிய எல்லே ஆட்டம். நான் கம்பால் அடித்த பந்து கடலுக்குப் போகிறது. நீ உடுத்திருந்த சாரனோடு பாய்ந்து, நெஞ்சளவு தண்ணீரில் ஒற்றைக் கையால் பிடித்து, உயர்த்திக் காட்டியபடி வருகிறாய். கடலுக்குள் பிடித்தால் செல்லாது என்று நான் சண்டை பிடித்தேன். கம்பைக் கீழே வைக்கவேயில்லை. எத்தனை வருடம் இதற்காக உன்னோடு வாதாடினேன்!

"மறுகா என்ன நடந்த? அவுட்டா, இல்லையா?" என்றார் மீன் வியாபாரி.

"அவுட்தான்" என்று சொல்லிவிட்டுப் பம்பைக் கீழே வைத்தேன்.