அத்தை என்று கூப்பிட இப்போது ஆபத்தில்லை

அன்புள்ள அத்தை,

இந்த வார்த்தையை இத்தனை வருஷமும் நான் வாயால் சொன்னதில்லை. "அத்தைன்னு கூப்டாதட்டி, அந்த முறையே எனக்கு ஆகாது. டெல்லில எல்லாரும் கூப்டுத மாதிரி ஆன்ட்டின்னே கூப்டு" என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. இனி நான் எப்படிக் கூப்பிட்டாலும் உங்கள் உயிருக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் மகன் சேகர் என்னை லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு முதன்முதலாகக் கூட்டிவந்த அன்று, காபி கொடுக்கும் முன்பே நட்சத்திரம் கேட்டீர்கள். நான் அப்போதுதான் டெல்லிக்கு வேலைக்கு வந்து முனிர்காவில் ஒரு சின்ன அறையில் இருந்தேன். கடக ராசி என்றதும் உங்கள் முகம் மலர்ந்தது. நீங்களும் கடகம், சேகரும் கடகம். "சந்திரனோட சொந்த வீடுல்லா, பாசக்காரங்க" என்றீர்கள். ஆயில்யம் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

ஆயில்யத்துப் பெண் மருமகளாகக் கால் வைக்கும் வீட்டில் மாமியார் தங்கமாட்டாள் என்பது உங்கள் நம்பிக்கை. மற்றபடி ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. சேகருக்குப் புனர்பூசம் நாலாம் பாதம். ஒரே ராசிக்குள் பையனின் நட்சத்திரம் முன்னால் வருவது உத்தமம் என்று நீங்களே விரல் விட்டுச் சொன்னீர்கள். பிறகு, ஏதோ பலகாரம் எடுத்துக்கொள்ளச் சொல்வதைப் போல அதையும் சொன்னீர்கள்.

"பொருத்தமெல்லாம் அருமையா இருக்கு. நான் போன பொறவு கட்டிக்கோங்க. டாக்டரே ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னுதான சொல்லுதாரு."

உங்களுக்கு இதயம் பலவீனம். சேகர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதனால் சரி என்றேன். உங்கள் நட்சத்திரம் பூசம், அதற்கு அதிபதி சனி, ஆயுளைக் கொடுப்பவரும் அவரேதான். இதை அன்றைக்கு யாராவது என் காதில் போட்டிருந்தால் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

பதினாறு வருஷம் இருந்தீர்கள் அத்தை. இருந்தது உங்கள் சமர்த்து இல்லை, என் கைவேலை. முனிர்காவிலிருந்து தினமும் வந்து காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை என்று டப்பாவில் பிரித்து வைத்தது யார்? உப்பில்லாமல் ரசம் வைத்து, அதைக் குடிக்க வைக்க உங்களோடு சண்டை போட்டது யார்? நவம்பர் புகையில் நீங்கள் மூச்சுக்குத் திணறியதும் என் போனஸில் ஏர் ப்யூரிஃபையர் வாங்கி உங்கள் கட்டிலோரம் வைத்தேன். நீங்கள் போனால்தான் எனக்குக் கல்யாணம். உங்களைப் போகவிடாமல் பிடித்துவைத்ததும் நான்தான். என்னைப் போல ஒரு முட்டாளை இந்த ஊர் பார்த்திருக்குமா?

உங்களுக்கும் இது தெரியும். ஒவ்வொரு குளிர்காலம் முடியும்போதும் ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டுவீர்கள்.

"என்னட்டி, இந்தக் குளிர்லயும் நான் போகலையே. உனக்குத்தான் கஷ்டம்."

"பரவால்ல ஆன்ட்டி. அடுத்த குளிர் வரட்டும்."

இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. என் தலைமுடி நரைத்ததை முதலில் பார்த்தது நீங்கள்தான். "சாயம் பூசிக்கோட்டி, சேகருக்குப் பிடிக்காது" என்றீர்கள்.

கடைசியில் புகையும் இல்லாமல் குளிரும் இல்லாமல், நல்ல வெயிலடித்த ஒரு மார்ச் காலையில் போனீர்கள். டீயோடு வந்து பார்த்தது நான். ஊரிலிருந்து உறவெல்லாம் வந்து இறங்கியது. வாய்க்கரிசி போடும்போது தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "பஹூ, தும் பீ டாலோ" என்று என்னை முன்னால் தள்ளினாள். மருமகளே, நீயும் போடு என்கிறாள். உங்கள் தங்கை நிமிர்ந்து பார்த்து, "இது யாருடா சேகர்?" என்றார்.

"தெரிஞ்சவங்க சித்தி. அம்மாவுக்குத் துணையா வந்துட்டுப் போவாங்க."

தட்டை உங்கள் தங்கை வாங்கிக்கொண்டார். நான் போடவில்லை அத்தை. உங்கள் வாயில் எத்தனையோ ஆயிரம் மாத்திரை போட்ட கை, ஒரு பிடி அரிசி போடவில்லை. சாயங்காலத்துக்குள் என் நட்சத்திரமும் வெளியே வந்துவிட்டது. "அதான பாத்தேன். ஆயில்யத்துக்காரி வந்து போயிட்டே இருந்தா அக்கா எப்படித் தங்குவா?" என்று அடுக்களையில் பேச்சு. எண்பது தாண்டிய உங்களை நான் அகாலத்தில் கொன்றுவிட்டேனாம்.

காரியம் முடிந்த மறுநாள் சேகர் போன் செய்தார். இனி தடையில்லை என்று சொல்வார் என்றுதான் எடுத்தேன்.

"மாலதி, அம்மாவுக்குத் தலை வருஷம் திரும்பட்டும். ஊர்ல வேற எல்லாரும் ஆயில்யம்னு பேசுதாங்க. அது கொஞ்சம் அடங்கட்டும். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

"சேகர், உங்கம்மா செத்தாச்சு. இன்னும் யார் சாகணும்?"

பாவம், நல்ல கேள்விக்கு அவரிடம் எப்போது பதில் இருந்தது? உங்கள் உயிருக்கு நீங்கள் பயந்தீர்கள், அது எனக்குப் புரிந்தது. அவருக்கு உங்கள் உயிரைப் பற்றியும் கவலையில்லை, என்னைப் பற்றியும் இல்லை. மாத்திரை கொடுக்க ஓர் ஆள் வந்து போய்க்கொண்டிருந்தது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஆயில்யத்தின் பெயரைச் சொல்லி என்னை வாசலில் நிறுத்தியது நீங்கள் மட்டும்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய் ஏர் ப்யூரிஃபையரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சேகர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இப்போது பிரஷர், மூச்சு வாங்குகிறது. மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். தேடிப் பாருங்கள் என்றேன்.

கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேகரப் பாத்துக்கோட்டி" என்றீர்கள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இப்போது சொல்கிறேன். பார்த்துக்கொள்ள மாட்டேன் அத்தை. நவம்பர் வரட்டும், புகை வரட்டும், அவர் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தப் படியேற மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
இனி எந்த வீட்டுக்கும் மருமகளாகப் போகாத,
உங்கள் ஒரே மருமகள்,
மாலதி