மேலே கருகல், நடுவே ஐஸ்

லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். கபுரில் அடக்கமாகி இருப்பவர்களுக்கும் சலாம் சொல்ல வேண்டும் என்று உம்மா சொல்லித் தந்தார்கள். அதனால் முதலில் சலாம். சண்டை பிறகு.

உங்கள் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பிரிட்ஜைத் திறந்து, அதன் ஐஸ் அறையில் இருந்த பிஸ்கட் டின்னை இன்று காலை வெளியே எடுத்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. உறைந்த நெய், முட்டை, மிளகு, மல்லித்தழை எல்லாம் குளிருக்குள் அடங்கிக் கிடக்கிற வாடை. சுடச்சுட இருக்கும் முட்டை அடையின் மணம் நம் தெரு முழுக்கத் தெரியும். உறைந்த அடையின் வாடை உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். மூக்கில் பட்டதும் உங்கள் மேல் பழைய எரிச்சல் வந்துவிட்டது. மவுத்தாகி இரண்டு வருடம் ஆனவர் மேல் எரிச்சல் படுவது பாவம்தான். படுகிறேன், என்ன செய்ய?

நம் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. நிக்காஹ் முடிந்தாலும் நாம் உம்மா வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைமார்தான் வருவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவார்கள். கைப்பக்குவம் வாய்த்த கூடப் பிறந்த அக்காவோடு ஆயுசு முழுக்க ஒரே அடுப்படியில் நின்று பார்த்தால் அவர்களுக்குத் தெரியும். ஒரே கோதுமை மாவு, ஒரே நெய். சட்டியின் ஓரம் வரை மாவை ஏற்றி, கொத்துக்கறியைப் பரப்பி, தேங்காய்ப்பாலில் அடித்த முட்டையை ஊற்றி, கீழே தணல், மூடி மேலே தணல். நீங்கள் செய்ததையேதான் நானும் செய்தேன். உங்கள் அடை உப்பி நிற்கும். என்னுடையது நடுவில் குழி விழும்.

என் வீட்டுக்காரர் மண்டபம் துறையில் மீன் வியாபாரம். தினமும் வீட்டுக்கு வருகிற மனிதர். நான் சுட்டதை வைத்தால் வாய் திறக்காமல் தின்பார். நீங்கள் சுட்டதை வைத்தால் முதல் வாயிலேயே, "இது ஒன் லாத்தா கைதானே?" என்பார். உங்கள் வீட்டுக்காரர், என் மச்சான், கொழும்பில். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு மாதம் ஒரு கடிதம் போடுவார். அதில் அடையைப் பற்றி ஒரு வரி இல்லாமல் இருக்காது. பக்கத்தில் இருப்பவருக்கு என் கை நினைவில்லை, கடல் தாண்டி இருப்பவருக்கு உங்கள் கை மறக்கவில்லை. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வருடம் மச்சான் எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு இந்த மாதம் வாரேன், திரும்பிப் போவதா இங்கேயே இருந்துவிடுவதா என்று வந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று. அந்தக் கடிதத்தை நீங்கள் எத்தனை தடவை படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வருகிறார் என்று புதன்கிழமையே அடை சுட்டு வைத்தீர்கள். வியாழக்கிழமை காலையில் தந்தி வந்தது. கடல் சரியில்லை, தனுஷ்கோடிக் கப்பல் மூன்று நாள் தாமதம்.

"ஊசிப்போயிரும். அண்டை அசலுக்குக் குடுத்துரு. வந்த பெறகு வேற சுட்டுக்கலாம்" என்றார்கள் உம்மா. நீங்கள் கொடுக்கவில்லை. "அவுக வருவாகன்னு நெனச்சு சுட்டது உம்மா. அவுகதான் திங்கணும்" என்று சட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தெரியும், நீங்கள் பக்கத்து அறையில்தான் நின்றீர்கள். "மீனையே நாலு நாளு வைக்கிறோம், அடையை வைக்க ஏலாதா?" என்று அன்றைக்கே மண்டபத்திலிருந்து மரத்தூளில் புதைத்த ஐஸ் இரண்டு சாக்கு கொண்டுவந்து இறக்கினார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரு முழம் பூ வாங்கி வராத மனிதர்! அடையை வாழையிலையில் சுற்றி, டின்னுக்குள் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, மீன் பெட்டியில் இறக்கினோம். "ஐஸ் மேல கல்லுப்பைத் தூவு, இன்னும் எறுகும்" என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் தூவினேன். உப்பைத் தூவின கைக்குத்தான் தெரியும், அது எவ்வளவு எரிந்தது என்று.

ஞாயிற்றுக்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே மச்சான் வந்து இறங்கிவிட்டார். நீங்கள் தலை முழுகிக்கொண்டிருந்தீர்கள். குளியலறைக் கதவுக்குள்ளிருந்தே எனக்குப் பக்குவம் சொன்னீர்கள்.

"ஏ புள்ள, மூடி மேல மொதல்ல சாம்பலைப் போடு. அதுக்கு மேல ரெண்டு கரண்டித் தணல், போதும். மெதுவா. திங்கிறவுகளுக்குத்தான் அவசரம், உள்ள இருக்கிற ஐஸுக்கு அவசரம் கெடையாது."

எல்லாம் காதில் விழுந்தது. டின்னைத் திறந்து அடையைத் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி டங்கென்றது. சட்டியில் வைத்தேன். சாம்பல் போடவில்லை. சிரட்டைத் தணலை மேலேயும் கீழேயும் குவித்தேன், விசிறியால் விசிறவும் செய்தேன். கைதவறி என்று இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். கை தவறவில்லை லாத்தா. ஒரே ஒரு நாள், ஒருவராவது உங்கள் அடையைத் தின்று முகம் சுளிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மச்சான் போவதா இருப்பதா என்று உங்கள் உயிர் ஊசலாடுகிற நாள் அது என்பது தெரிந்தேதான் ஆசைப்பட்டேன்.

நீங்கள் ஈரத்தலையோடு ஓடி வருவதற்குள் உம்மா தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நீங்கள் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் போனீர்கள், நான் இந்தப் பக்கம் நின்றேன். மச்சான் முன்னால் நான் வருகிற வழக்கமில்லையே. காது மட்டும்தான். கத்தி அடையைக் கீறுகிற சத்தம் கேட்டது, கருகல் உடைகிற சத்தம். பிறகு நடுவில் ஐஸ் நறநறவென்றது.

"என்னம்மா இது? மேல கருகிருக்கு, நடுவுல ஐஸா இருக்கு?" என்று மச்சான் உங்களைக் கேட்டார்.

நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் சொன்னது இதுதான்: "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

மச்சான் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த வீடு அதற்கு முன்னால் கேட்டதில்லை. "மூணு வருசம் காத்திருந்தவளுக்கு இன்னும் அரை மணி நேரம் காத்திருக்க ஏலலையாக்கும்?" என்றார். கருகலையும் ஐஸையும் சேர்த்து ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றார். அந்த வாரமே கொழும்புக் கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டதாக எழுதிப் போட்டார். நான் கெடுக்கப் போய் உங்களுக்குப் புருசனையே கொண்டுவந்து சேர்த்தேன். அதற்குப் பிறகு எந்த விருந்திலும் அந்தக் கதைதான். "எம்மேல உள்ள ஆசையில அடையையே கருக்கிட்டா" என்று அவர் சொல்லுவார், நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள். ஒரு தடவைகூட என் பக்கம் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால்கூட இத்தனை பொறாமை இருந்திருக்காது. ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது, கப்பலும் இல்லை. நீங்களும் இல்லை. மச்சான் மட்டும் கூடத்துச் சாய்வு நாற்காலியில் இருக்கிறார். போன வாரம் அடை தின்ன ஆசை என்று உங்கள் மகளிடம் சொல்லி அனுப்பினார். சுட்டு வைத்தேன், அன்று அவருக்குக் காய்ச்சல். பிரிட்ஜில் வைத்தேன். இன்று காலை நீங்கள் சொன்ன பக்குவத்தில், மூடி மேல் முதலில் சாம்பல், அதன் மேல் இரண்டு கரண்டித் தணல், ஒரு மணி நேரம் விசிறியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். உப்பி நின்றது லாத்தா. குழி விழவில்லை. என் ஆயுசில் முதல் தடவை.

உங்கள் மகள் கொண்டுபோய் வைத்தாள். நான் அதே திரைக்குப் பின்னால் நின்றேன்.

"நல்லாருக்கு தங்கச்சி. நேர்த்தியா இருக்கு" என்றார் மச்சான், திரைப் பக்கம் பார்த்து. பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஆனா அவ கை இது இல்ல. அன்னைக்கி ஒண்ணு கருக்கிக் குடுத்தா பாரு, அதான் அவ கை."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. இன்று நீங்கள் தின்றதுதான் லாத்தாவின் கை மச்சான், அன்றைக்குக் கருக்கிய கை இதோ என்று திரைக்கு வெளியே கையை நீட்டிவிட நினைத்தேன். மேல்துண்டால் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வது திரையின் இடுக்கில் தெரிந்தது. அடுப்படிக்கே திரும்பி வந்து, அவர் வைத்த மிச்சத்தை நின்றபடியே தின்றேன்.

என் கைக்கு இந்த வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு உங்கள் பெயரில் இருக்கிறது, லாத்தா. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மனசாரச் சொல்லவில்லை. ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள்.