சாயங்காலப் பள்ளியிலிருந்து மிளகின் அம்மாவுக்கு

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவருடைய சமாதானம் கடல் தாண்டி நீ வேலை செய்கிற அந்தப் பெரிய வீட்டுக்குள்ளும் உன்னோடு இருக்கட்டும். வீட்டுக்காரம்மா உன் போனை வாங்கி வைத்துக்கொண்டதிலிருந்து கடிதம் ஒன்றுதான் நமக்கு வழி. அங்குள்ள சபையின் பாஸ்டரம்மா ஞாயிறு ஆராதனையில் இதை உன் கையில் கொடுப்பார்கள். அன்றைக்கு உன்னை வெளியே விட வேண்டுமே என்று இங்கே ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. மிளகு நன்றாக இருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பாட்டுப் பாடும்போது பாதி காற்றாகத்தான் வருகிறது. பையன்கள் கேலி செய்தால், "எனக்குப் புதுசு வரும், உங்களுக்கு இருக்கிறதே பழசு" என்று வாயை அடைத்துவிடுகிறாள். பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஆள் சிறிசு, காரம் பெரிசு.

சாயங்காலப் பள்ளி நடக்கிற நம் சபை ஹால் நீ பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் மூடிக்கிடக்கும் லாட்ஜ், நடுவில் நாங்கள். மருந்துக்கடையில் என் ஷிப்ட் முடிந்து ஓடி வருவதற்குள் பிள்ளைகள் படிக்கட்டில் பையைப் போட்டு இடம் பிடித்திருப்பார்கள். கை கழுவி, பாலும் ரொட்டியும் கொடுத்து, பாட்டு, வேதக் கதை, வீட்டுப்பாடம் என்று முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை போய்விடும். போன வாரம் படகும் புயலும் வருகிற கதையை நடித்தோம். பெஞ்சைக் கவிழ்த்துப் படகாக்கினோம். மிளகுக்கு அலை வேஷம். நீலப் போர்வையை உதறிக்கொண்டு ஹால் முழுக்க ஓடினாள். அலை அடங்க வேண்டிய இடம் வந்தது. இவள் அடங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஆடிட்டு அடங்குறேன் டீச்சரக்கா" என்றாள். எங்கள் பாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த விஷயம். மிளகின் அப்பா வந்திருந்தார். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத மனுஷன் ஒரு சாயங்காலம் ஹால் வாசலில் நின்றார். குடித்திருக்கவில்லை. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, மரியாதையாகத்தான் பேசினார். வேறு ஊரில் லாரி ஷெட்டில் வேலையாம். அங்கே ஒரு குடும்பமும் இருக்கிறதாம், கைக்குழந்தையும் இருக்கிறதாம். "பாப்பாவைக் கூட்டிட்டுப் போயி என்கூட வச்சுக்கலாம்னு இருக்கேன். வீட்ல சின்னது இருக்கு, இவளுக்கும் பொழுது போகும்" என்றார். மிளகு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிளகைத் தன் வீட்டில் வைத்திருக்கிற உன் அக்காவிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடி, "எம்புள்ளைங்களுக்கே இங்க படுக்க இடமில்ல டீச்சர்" என்றாள். 

உன் எண்ணம் என்ன என்று உடனே எழுது. ஒரு வரி போதும். நீ சொல்கிறபடி நடக்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் டீச்சரக்கா

•

அன்புத் தங்கைக்கு,

என்ன சொல்லி இந்தக் கடிதத்தை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆண்டவர் உன் அருகில் இருக்கட்டும். இதை நீ உட்கார்ந்து படி. பாஸ்டரம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

மிளகு இப்போது என்னிடம் இல்லை. உன் அக்காவிடமும் இல்லை. அவளுடைய அப்பா கூட்டிக்கொண்டு போய்விட்டார். உயிரோடு, சுகமாக இருக்கிறாள். அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பிள்ளைகள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். உன் அக்காவும் கூடவே வந்தாள். மிளகின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும்தான், இது அவர்கள் இருவரும் முன்பே பேசி முடித்தது என்று எனக்குப் புரிந்தது. உன் அக்காவைச் சபிக்காதே. பையைக் கொடுக்கும் முன் அதைத் திறந்து, மடித்த துணியையே மறுபடி மடித்து வைத்ததை நான் பார்த்தேன்.

அம்மாவிடமிருந்து பதில் வரட்டும், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். "பெத்தவன் கூட்டிட்டுப் போறதுக்கு லெட்டர் வரணுமா?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். பாஸ்டரை அழைத்தேன். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நாம சாயங்காலம் பாத்துக்குறோம்மா, வளக்குறது நாம இல்ல. நாளைக்கு இன்னொரு அப்பா வந்து எம்புள்ளையக் குடுங்கன்னு நின்னா, கதவைச் சாத்திருவீங்களா?" என்றார். நான் ஹாலுக்குள் திரும்பி வந்தேன். 

மிளகு என் புடவையைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டாள்: "நான் மாட்டேன்னு சொன்னா அம்மாகிட்ட சொல்லிக் குடுப்பீங்களா?" நீ புறப்படும்போது யாரையும் எதிர்த்துப் பேசாதே, நல்ல பேர் எடு என்று சொல்லிவிட்டுப் போனாயாம். அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். "சொல்ல மாட்டேன்டா. அம்மா கோவிச்சுக்கவே மாட்டா" என்றேன். அவள் நேரே அப்பாவிடம் போய், பல் இல்லாத வாயால் "மாட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். "அப்பாகிட்ட வெக்கம்" என்று சொல்லித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் அழவில்லை. படியிறங்கித் தெரு திரும்பும்வரை தலையை நிமிர்த்தி ஹாலையே பார்த்துக்கொண்டு போனாள். மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பெரியவளாக இருந்துகொண்டு நான் சும்மா நின்றதை அவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் கதை கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரியம்மா பொறுமையாகக் கேட்டார். நல்லவர்தான். "அடிச்சாரா? பட்டினி போட்டாரா? ஒண்ணும் இல்லையே. அப்பா கூட்டிட்டுப் போனதை நான் எதுல எழுதுறது?" என்று கேட்டார். எழுந்து வரும்போது தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

மிளகின் அப்பா கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். மிளகு தூங்குகிறாள் என்றாள். மதிய நேரம் அது. உன் பிள்ளை மதியத்தில் தூங்குகிறவளா? விடாமல் மறுபடி கூப்பிட்டபோது கொடுத்தாள். பக்கத்தில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மிளகு பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற குரலில், "நல்லாருக்கேன். நல்லாச் சாப்பிடுறேன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாச்சா என்று கேட்டேன். "பாப்பா கொஞ்சம் பெருசானதும்" என்றாள். பிறகு, இன்றைக்கு ஹாலில் என்ன கதை என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் குழந்தையின் அழுகை கூடியது, "இருங்க, தொட்டில் நின்னுருச்சு" என்று போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவேயில்லை.

உன் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. "விடாதீங்கக்கா, யார் கேட்டாலும் குடுக்காதீங்க" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய். உறையை முழுசாகப் பிரிப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். மருந்துக்கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பாராமல் உட்கார்ந்துவிட்டேன்.

மிளகின் அப்பா சொன்ன ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பாஸ்டர் சொல்கிறார். போவோம். லாரி ஷெட் என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. கண்டுபிடித்தாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். உன்னிடம் பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்குத் துணிவில்லை. புறப்பட்டு வா என்று எழுதலாம் என்றால், உன் பாஸ்போர்ட் அவர்கள் பெட்டிக்குள் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என்மேல் கோபமிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி எழுது. பக்கம் பக்கமாக எழுது. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. மனசு இப்படி இருக்கிற நேரத்தில் அந்த வீட்டு மாடி ஜன்னல்களை வெளிப்பக்கம் சாய்ந்து துடைக்கச் சொன்னால், தலை சுற்றுகிறது என்று சொல்லி, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போகாதே. ராத்திரி தனியாகப் படுக்காமல் அங்கே உன்கூட வேலை செய்கிற சமையல்காரம்மா அறையில் படுத்துக்கொள். ஆண்டவர் உன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும், தங்கச்சி. என் கை அங்கே எட்டவில்லை.

உன் டீச்சரக்கா